தன்னெறி வழுவாமல் பிறர்நெறி கற்றல்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம் பூர்வாசார்யர்கள் அருளிச்செய்த அர்த்தங்களை, நம் ஸம்ப்ரதாயத்தில் சேராத ஒருவர், சேரும் எண்ணமும் இல்லாத ஒருவர், கற்கலாமோ? அவருக்கு நாம் கற்பிக்கலாமோ? பிற சமயத்தார் உயிரெனப் போற்றும் நூல்களை, நம் நெறியில் நின்றபடியே நாம் கற்கலாமோ? கற்றால் நம் அநந்யத்வத்துக்குக் குறை வருமோ?

இவை இன்று வித்வத் ஸதஸ்ஸில் மட்டும் எழும் கேள்விகளாக இல்லை. அடியார்களில் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். அவர்களுடைய குழந்தைகள் கிறிஸ்தவரோடும் யூதரோடும் இஸ்லாமியரோடும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். நெற்றியில் என்ன குறி என்று கேட்கப்படும்போது அக்குழந்தை ஒரு விடை சொல்லியாகவேண்டும். அருகிலிருப்பவர் தம் வழிபாட்டைப் பற்றிச் சொல்லும்போது எவ்வாறு செவிமடுப்பது என்பதையும் அறிந்திருக்கவேண்டும். கீழை நாட்டுக்கும் மேலை நாட்டுக்கும் இடையே சமயக் கல்வி எவ்வாறு நடைபெறவேண்டும் என்ற வினா, இவ்வாறு இல்லத்துக்குள்ளேயே வந்து நிற்கிறது.

இதற்கு எளிதான விடைகள் இரண்டு உண்டு. ‘பிறர் நூல் நமக்கு எதற்கு? நம் நூல் பிறர்க்கு எதற்கு?’ என்று கதவை அடைப்பது ஒன்று. ‘எல்லா நதியும் ஒரே கடலைத்தானே சேர்கின்றன?’ என்று கரைகளையே அழித்துவிடுவது மற்றொன்று. முதல் விடையில் அறியாமை வளரும். அறியாமையில் அச்சமும், அச்சத்தில் பகையும் முளைக்கும். இரண்டாம் விடை மேடைகளில் இனிமையாக ஒலிக்கும். ஆனால் அதைச் சொல்பவர் இரு நெறிகளில் எதையும் முழுமையாகக் கற்றிருக்கத் தேவையில்லை. கல்லாமலே சொல்லக்கூடிய ஸமாதானம், முதல் பூசல் எழுந்த அன்றே கலைந்துபோகும். பிறர் கொள்கையை அவரே ‘ஆம், இதுதான் யாம் சொல்வது’ என்று ஒப்பும்படி எடுத்துரைக்கக் கற்பதே நிலைத்த ஸமாதானத்துக்கு அடிப்படை என்பது அடியேனுடைய கருத்து. அதற்கான பயிற்சி நம் ஸம்ப்ரதாயத்திலேயே இருக்கிறது.

ஸ்ரீபாஷ்யத்தைக் கற்றோர் இதை அறிவர். முதல் ஸூத்ரத்தின் பாஷ்யத்திலேயே எம்பெருமானார் மஹாபூர்வபக்ஷம் என்ற பகுதியை அமைத்தருளினார். தாம் மறுக்கப்போகும் அத்வைத பக்ஷத்தை அங்கு அவர் சுருக்கவில்லை; திரிக்கவில்லை; நகையாடி ஒதுக்கவுமில்லை. அந்தப் பக்ஷத்தாரே தம் கொள்கையைக் கற்க எடுத்துக்கொள்ளலாம் என்னும்படி விரிவாகவும் வலுவாகவும் நிறுத்தினார். அதன் பின்னரே மஹாஸித்தாந்தம். பிறர் வாதத்தைப் பலவீனமாக்கிக் காட்டி வெல்வது வெற்றியாகாது என்பது இதில் அடங்கிய அறம். பூர்வபக்ஷத்தின் நோக்கம் மறுப்பதுதான் என்பது உண்மை. ஆயினும் மறுப்பதற்கே இத்தனை நேர்மை வேண்டுமானால், அண்டை வீட்டாரோடு அமைதியாக வாழ்வதற்கு எத்தனை நேர்மை வேண்டும்?

இந்த நேர்மையோடு மேலை நாட்டார் ஒருவர் நம் நூல்களை அணுகிய வரலாற்றை இங்குச் சொல்லவேண்டும். ஜெர்மனி தேசத்து லுத்தரன் கிறிஸ்தவ இறையியல் பேராசிரியர் ரூடால்ஃப் ஓட்டோ (1869–1937) 1911–12இல் கீழை நாடுகளில் பயணம் செய்தவர், ஸம்ஸ்க்ருதம் கற்றவர். 1916இல், ஸ்ரீநிவாஸாசார்யர் அருளிய யதீந்த்ரமததீபிகையை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். நம் ஸித்தாந்தத்தைப் பத்து அவதாரங்களாகப் பகுத்து, தொடக்க மாணவருக்கும் விளங்கச் சொல்லும் நூல் அது. அடுத்த ஆண்டு, 1917இல், எம்பெருமானாருடைய ஸித்தாந்தத்தைப் பற்றிய மற்றொரு மொழிபெயர்ப்பு நூலையும் வெளியிட்டார்.

அந்த ஆண்டுகள் எவை என்பதை நினைக்கவேண்டும். 1914 முதல் 1918 வரை முதல் உலகப் போர். ஜெர்மனியும் பிரிட்டனும் எதிரெதிரே நின்றன. நம் நாடு பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. நம்மவர் பலர் அந்த அரசின் படையில் சேர்ந்து ஐரோப்பாவில் போரிட்டனர். அவ்வேளையில், எதிரி அரசின் குடிகளாயிருந்த ஒரு மக்களுடைய வேதாந்தத்தை, போரில் மூழ்கிய ஒரு தேசத்தார் தம் மொழியிலேயே படிக்கும்படி ஒருவர் செய்துகொண்டிருந்தார். துப்பாக்கிகள் அதனால் நிற்கவில்லை. ஆயினும் பீரங்கி முழங்கிய காலத்திலும் ஸ்ரீமந்நாராயணனுடைய க்ருபையைப் பற்றிய விசாரம் ஜெர்மன் அச்சகங்களில் நடைபெற்றது என்பது சிறிய செய்தியன்று.

போர் முடிந்ததும் ஓட்டோ, உலகச் சமயங்களின் கூட்டமைப்பு ஒன்றை 1920களின் தொடக்கத்தில் நிறுவ முயன்றார். அரசுகள் எழுதும் உடன்படிக்கை மட்டும் அமைதியைக் காக்காது; உலகுக்கு ஒரு பொதுவான மனச்சான்று வேண்டும்; அதை வளர்க்கும் கடமை சமயங்களுக்கு உண்டு என்பது அவர் எண்ணம். சமயங்களைக் கலந்து புதிய சமயம் ஒன்றைச் சமைப்பதை அவர் நாடவில்லை. ஒவ்வொரு நெறியும் தன் தனித்தன்மையோடு நின்று, நீதிக்காகவும் அமைதிக்காகவும் கைகோக்கவேண்டும் என்றார். ஜெர்மனியில் 1933இல் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்துக்குப் பின் அத்தகைய முயற்சிக்கு இடமில்லாமற் போயிற்று. அமைப்பு மறைந்தாலும் அதன் அடிப்படையிலிருந்த எண்ணம் பிழையானதன்று.

இங்கு ஒரு சங்கை எழும். ‘மேலை நாட்டார் நம் நூலைக் கற்றது நம்மை மதித்தா? தம் சமயமே உயர்ந்தது என்று நிலைநாட்டத்தானே?’ என்னில், இந்த அச்சம் காரணமற்றது என்று சொல்லமாட்டோம். ஆட்சியும் அச்சகமும் ஒரு பக்கத்தார் கையில் இருந்த காலத்தில் நடந்த கல்விப் பரிமாற்றம் சமமானதாக இருந்திருக்க இயலாது. ஆழ்வார்களின் பாசுரங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1929இல் நூலாக வெளியிட்ட ஹூப்பர், ஒரு கிறிஸ்தவ மிஷனரி. ஓட்டோவும் தம் சமயத்தை விட்டு இறங்கியவரல்லர். இந்தியாவின் அருள்நெறியையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு 1930இல் அவர் எழுதிய நூலில், இரண்டும் வெவ்வேறு அச்சுகளைப் பற்றிச் சுழல்கின்றன என்று முடித்தார். கிறிஸ்தவத்தில் குற்ற உணர்வும் மன்னிப்பும் நடுநாயகம். இந்திய அருள்நெறியிலோ ஸம்ஸாரத்திலிருந்து விடுபடுவதே நடுநாயகம் என்பது அவர் முடிவின் ஸாரம்.

இம்முடிவை நாம் அப்படியே ஏற்க இயலாது. ஆளவந்தாருடைய ஸ்தோத்ர ரத்நத்தைக் கற்றவன், தன் குற்றங்களைத் தானே எண்ணி எண்ணி நைந்து நிற்கும் நைச்யாநுஸந்தாநம் நம் நெறியில் எத்துணை ஆழமானது என்பதை அறிவான். ஆயினும் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஓட்டோவின் முடிவோடு நாம் வாதிட முடிகிறது. நம்மை அறியாமல் ‘சிலைகளை வணங்குவோர்’ என்று ஒதுக்கியவரோடு அத்தகைய வாதமே இயலாது. க்ருபை என்பது தம் சமயத்துக்கு மட்டுமே உரிய சொத்து என்று எண்ணியிருந்த தம் மக்களிடம், அதே ஆழத்தோடு க்ருபையைப் பேசும் ஒரு நெறி தெற்கே உண்டு என்று அவர் உரைத்தார். நம்மைப் புரிந்துகொண்டு மாறுபடுபவர், புரியாமல் புகழ்பவரைக் காட்டிலும் நமக்கு நெருங்கியவர்.

காலம் செல்லச் செல்ல அந்தச் சமமின்மையும் ஓரளவு குறைந்தது. திருக்குருகைப் பிரான் பிள்ளான் அருளிய ஆறாயிரப்படியைப் பற்றி 1989இல் வெளிவந்த ஆங்கில நூலை ஜான் கார்மன் என்ற கிறிஸ்தவ அறிஞரும், நம் ஸம்ப்ரதாயத்தில் பிறந்த வஸுதா நாராயணன் என்ற அறிஞரும் இணைந்து எழுதினர். கார்மன் அதற்கு முன்னரே, 1974இல், எம்பெருமானாருடைய வேதாந்தத்தைப் பற்றித் தனிநூல் எழுதியவர். ஒருவர் ஆராய்பவர், மற்றவர் ஆராயப்படுபவர் என்ற நிலை மாறி, இருவரும் ஒரே ஓலையின் முன் அமர்ந்தனர். இயேசு சபையைச் சேர்ந்த குருவான ஃபிரான்சிஸ் க்ளூனி, 1996இல் திருவாய்மொழியையும் அதன் வியாக்யானங்களையும் பற்றி எழுதினார். 2008இல், ஸ்வாமி தேசிகனுடைய ரஹஸ்யத்ரயஸாரத்தையும் ஃபிரான்சிஸ் டி சால்ஸ் என்ற கத்தோலிக்க ஆயர் இறையன்பைப் பற்றி எழுதிய நூலையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்து வாசித்து மற்றொரு நூல் எழுதினார். அவர் தம் துறவறத்தை விடவில்லை. நம்மையும் தம் பக்கம் இழுக்கவில்லை. ப்ரபத்தியைப் பற்றித் தேசிகன் சொல்வதைப் படிப்பவன், தன் இறைவனிடம் தான் செய்யும் ஸமர்ப்பணத்தையும் ஆழமாக உணரக்கூடும் என்பதே அவர் காட்டிய வழி.

இரண்டாம் சங்கை அதிகாரத்தைப் பற்றியது. ‘ரஹஸ்யார்த்தங்களை ஸமாச்ரயணம் பெறாதவர்க்குச் சொல்வது தகுமோ?’ என்பது. நம் பெரியோர் இதில் காட்டிய கண்டிப்பு வீணானதன்று. மருந்தை நோயறியாமல் கொடுப்பது போன்றதே, அர்த்தத்தை ஆதரமில்லாதவனிடம் எறிவது. அதனாலேயே திருக்கோட்டியூர் நம்பி, எம்பெருமானாரைப் பதினெட்டு முறை நடக்கவைத்தார். ஆனால் அதே எம்பெருமானார், பெற்ற அர்த்தத்தை ஆசையுள்ளோர் அனைவருக்கும் வெளியிட்டார் என்றும் குருபரம்பரை சொல்கிறது. நம்பி சோதித்ததும் ஆசையைத்தான். உடையவர் தகுதியாகக் கொண்டதும் ஆசையைத்தான். இரண்டுக்கும் முரண் இல்லை. பஞ்சஸம்ஸ்காரமும் மந்த்ரோபதேசமும் ஆசார்ய ஸம்பந்தத்தில் நிகழ்பவை. அவற்றைப் பரிமாற்றப் பொருளாக்க இயலாது. ஆனால் ஒரு பாசுரத்தின் பொருளை, ஒரு தத்த்வத்தின் காரணத்தை, பொறுமையோடு வந்து கேட்பவருக்குச் சொல்ல மறுத்தால் யாது நேரும்? அவர் கேட்பதை நிறுத்தமாட்டார். அறியாதவரிடம் சென்று கேட்பார். நம்மைப் பற்றிய பிழையான சொற்கள் பெருகுவதற்கு நம் மௌனமும் ஒரு காரணமாகும்.

இதை நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர் மைசூரில் வாழ்ந்த ஆள்கொண்டவில்லி கோவிந்தாசார்யர். ஆழ்வார்களின் சரித்திரத்தை 1902இல் ஆங்கிலத்தில் எழுதினார். பிள்ளை லோகாசார்யருடைய அர்த்த பஞ்சகத்தை, லண்டனிலிருந்த ராயல் ஏசியாடிக் ஸொஸைட்டியின் இதழில் 1910இல் எடுத்துரைத்தார். அதே ஆண்டில் அதே இதழில், தென்கலை வடகலை என்ற இரு பக்ஷங்களுக்கும் இடையேயுள்ள பதினெட்டு பேதங்களையும் வரிசைப்படுத்தி விளக்கினார். கற்க வந்தவருக்கு நம் ஒற்றுமையைப் போலவே நம் வேற்றுமையையும் மறைக்காமல் காட்டியது அவர் செய்த பேருபகாரம்.

மூன்றாம் சங்கையே எல்லாவற்றினும் நுண்ணியது. ‘அநந்யார்ஹ சேஷத்வம் உடையவன் பிறர் நூலைத் தொடலாமோ? பதிவ்ரதை பிற புருஷனைப் பேசுவாளோ?’ என்னில், அநந்யத்வம் எதைப் பற்றியது என்று முதலில் தெளியவேண்டும். உபாயமும் உபேயமும் எம்பெருமானேயன்றி வேறில்லை என்ற துணிவே அது. ஒன்றை அறிவது வேறு. அதைத் தஞ்சமாகப் பற்றுவது வேறு. ஸ்ரீபாஷ்யத்தில் பிற மதங்களை விரித்துரைத்தபோது எம்பெருமானாருடைய அநந்யத்வம் குறைந்ததோ? குறையவில்லை, அது மேலும் விளங்கிற்று. வேர் ஆழமாக ஓடிய மரம் காற்றுக்கு அஞ்சாது. கற்றால் நழுவிவிடுவோம் என்று அஞ்சுபவன் ஆராயவேண்டியது, தன் நெறியில் தான் எவ்வளவு கற்றிருக்கிறான் என்பதை. ஆகையால் வரிசை முக்கியம்: முதலில் தன்னுடையது, ஓர் ஆசார்யரிடம், முறையாக, பின்னர் பிறருடையது, அவர் மதிப்போடு காட்டும் வண்ணம். குழந்தைகளுக்கும் இவ்வரிசையே பொருந்தும்.

இனி, பரிமாற்றம் என்றால் நாமும் பெறவேண்டும். கொடுப்பவராக மட்டும் இருப்பது ஒருவகை அஹங்காரம். மேலை நாட்டிலிருந்து நாம் கற்கவேண்டியது எது? அடியேன் ஒன்றைச் சொல்வேன்.

க்ருபைக்கும் மனித முயற்சிக்கும் உள்ள தொடர்பு என்ன என்ற வினாவில் பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பா பிளந்தது. 1524இல் எராஸ்மஸ் மனிதனின் ஸ்வாதந்த்ர்யத்தை நிலைநாட்டி எழுதினார். 1525இல் லூதர் அதை மறுத்து எழுதினார். கத்தோலிக்கரும் லுத்தரன் மக்களும் ஒருவரையொருவர் கண்டனம் செய்தனர். அரசியல் அதனோடு கலந்தது. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் ஜெர்மன் நாடுகள் பாழாயின. ஆனால் அவர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. 1960களின் நடுவில் இரு பக்ஷத்தாரும் அமர்ந்து பேசத் தொடங்கினர். பழைய கண்டனங்களை எடுத்துவைத்து, ‘நீங்கள் உண்மையில் சொல்வது இதுதானா?’ என்று ஒருவரையொருவர் கேட்டனர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அந்த உழைப்பின் பயனாக, 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், அவுக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கை ஒன்றில் இரு பக்ஷத்தாரும் கையெழுத்திட்டனர்.

அந்த அறிக்கையின் அமைப்பு நோக்கத்தக்கது. முதலில் இருவரும் ஒப்புவதைச் சேர்ந்து சொல்கிறது. பின்னர், கத்தோலிக்கர் இவ்வாறு கூறும்போது எதைக் கருதுகின்றனர், லுத்தரன் மக்கள் இவ்வாறு வலியுறுத்தும்போது எதைக் கருதுகின்றனர் என்று தனித்தனியே எடுத்துரைக்கிறது. வேற்றுமைகள் எஞ்சியிருப்பதை அது மறைக்கவில்லை. இவ்வறிக்கையில் விளக்கப்பட்டபடியான கொள்கையின்மேல் பழைய கண்டனங்கள் பாயமாட்டா என்று மட்டும் உறுதிசெய்கிறது. இரு சபைகளும் ஒன்றாகிவிடவில்லை. ஒருவர் கொள்கையை மற்றவர் சரியாகச் சொல்லக் கற்றனர்.

இதைப் படிக்கும் ஸ்ரீவைஷ்ணவனுடைய உள்ளம் எங்குச் செல்லும் என்பதை எழுதவேண்டுமோ? மர்க்கட கிசோர ந்யாயம், மார்ஜார கிசோர ந்யாயம் என்று குரங்குக் குட்டியையும் பூனைக் குட்டியையும் நாம் பேசிவருகிறோம். ஓட்டோ இவ்விரண்டையும் கற்று, தம் நாட்டில் நடந்த அதே விவாதத்தை இங்கும் கண்டு வியந்தார். எங்கிருந்தோ வந்தவர் இரு பக்ஷத்தையும் கற்றார். நம்மில் எத்தனை பேர் கற்றிருக்கிறோம்? ‘அவர்கள் எம்பெருமானுடைய கருணைக்கு விலை பேசுகிறார்கள்’ என்று ஒருவர் சொல்வதும், ‘அவர்கள் சோம்பலை உபதேசிக்கிறார்கள்’ என்று மற்றவர் சொல்வதும் இன்றும் செவியில் விழுகின்றன. ஸ்வாமி தேசிகன் ஸித்தோபாயம் எம்பெருமானே என்று நிலைநாட்டி, ப்ரபத்தியை அவன் க்ருபைக்கு ஒரு வ்யாஜமாக மட்டுமே கொள்கிறார், விலையாகக் கொள்ளவில்லை. பிள்ளை லோகாசார்யர், சேதநன் செய்யும் எதுவும் உபாயமாகாது என்கிறார். ஆனால் கைங்கர்யம் ஸ்வரூபத்திலிருந்து தானே பெருகும் என்றும் காட்டுகிறார். அதில் சோம்பலுக்கு இடமில்லை. இவ்விரண்டு வாக்யங்களையும், எதிர்ப் பக்ஷத்தார் ஒப்பும்படி இரு பக்ஷத்தாரும் சொல்லக் கற்றால், வேற்றுமை நிற்கும், கசப்பு நிற்காது. நீதிமன்றங்கள் வரை சென்ற நம் வழக்குகளில், தத்த்வம் பேசப்பட்டதைக் காட்டிலும் கசப்பு பேசியதே மிகுதி.

நம் வியாக்யானங்களே இதற்கு முன்மாதிரி. ஈட்டில் ஒரு பாசுரத்துக்கு ஆளவந்தார் நிர்வாஹம் ஒன்று, எம்பெருமானார் நிர்வாஹம் ஒன்று, பட்டர் நிர்வாஹம் ஒன்று என்று பலவும் அருகருகே காக்கப்பட்டிருக்கும் இடங்கள் பல. பின்னவர் வேறு பொருள் சொன்னார் என்பதற்காக முன்னவர் சொன்னது அழிக்கப்படவில்லை. வேற்றுமையை விலக்காமலும் மழுப்பாமலும், ஒரே பத்ரத்தில் மரியாதையோடு வைத்துக்காப்பது நமக்குப் புதிய கல்வியன்று. நாம் மறந்த கல்வி.

ஆகவே, அடியார்களே, வெளிநாட்டில் வாழும் நம் குழந்தைகள் தம் தோழர் வீட்டு வழிபாட்டைப் பற்றிக் கேட்டறிந்து வந்து சொன்னால் முகம் சுளிக்கவேண்டா. ‘அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்’ என்று கேளுங்கள். பின்னர், ‘நாம் சொல்வது இது’ என்று காரணத்தோடு சொல்லிக்கொடுங்கள். நம் பாசுரத்தின் பொருளைக் கேட்டு ஓர் அயலார் வந்தால், அவர் நம்மில் ஒருவராவாரா என்று எடைபோடுமுன், அவருடைய ஆசையை நோக்குங்கள். நம் கலையைச் சேராத பாகவதரிடம் அவர் ஆசார்யர் அருளியதை அவர் வாயால் கேளுங்கள். இம்மூன்றும் ஒரே பயிற்சியின் மூன்று படிகள். மூன்றாவது படியே மிகக் கடினமானது. அதில் கால் வைக்க இயலாதவன், உலக அமைதியைப் பற்றிக் கீழை நாட்டிலோ மேலை நாட்டிலோ பேசும் தகுதியை இன்னும் பெறவில்லை.

அடியேன்
ராமாநுஜ தாஸன்